யூஸ் ஆகாத ஃபங்ஷன் வார்னிங்: ஜிசிசி, கிளாங் ரெண்டையும் கெர்னல் கோடுல ஓட்டிப் பாத்த ரிவ்யூ

மொதல்லயே ஸ்டார் சொல்லிடறேனுங்க, அவசரத்துல இருக்கறவங்க படிச்சுட்டுக் கெளம்பிடலாம். ஜிசிசி, கிளாங் ரெண்டும் சி மொழில எழுதின கோட மிஷினுக்குப் புரியற மாதிரி மாத்தற கம்பைலருங்க; கெர்னல்ல, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையக் கோடுல, யாரும் கூப்பிடாம கெடக்கற ஃபங்ஷன அதுங்க எப்படிக் காட்டிக் குடுக்குதுங்கறது தான் இந்த ரிவ்யூ. கிளாங்ல டபிள்யூ=1 (கெர்னல் பில்டுல கூடுதல் வார்னிங்க ஆன் பண்ற ஆப்ஷன்) போட்டு ஓட்டினா அஞ்சுக்கு நாலரை. ஜிசிசில சும்மா வால் (-Wall, வழக்கமான வார்னிங்க ஆன் பண்ற ஃப்ளாக்) மட்டும் போட்டு ஓட்டினா மூணு. மேக்ஃபைல்ல (எப்படி பில்டு பண்ணணும்னு எழுதி வெக்கற ஃபைல்) "நோ அன்யூஸ்டு ஃபங்ஷன்"னு ஃப்ளாக் போட்டு வார்னிங்க வாயடைச்சு வெச்சு ஷிப் பண்ற வெண்டர் பிஎஸ்பிக்கு (போர்டு விக்கறவங்க கூடவே குடுக்கற கெர்னல், டிரைவர் கோடு) பூஜ்யம், அதுக்குக் கீழ போட வழியில்லாததுனால பூஜ்யம்.

காசு குடுத்து வாங்கற பொருளுக்குத் தான் ரிவ்யூ எழுதணும்னு சட்டமா என்ன, கம்பைலரும் நாள் பூரா கையில வெச்சு வேலை செய்யற கருவி தானுங்களே, நல்ல ஸ்பேனருக்கு ரிவ்யூ எழுதறவங்க இதுக்கு எழுதக்கூடாதா. நாங்க கோயம்புத்தூர்ல கணபதி பக்கம் ஒரு சின்ன கம்பெனி, பம்புக்கு கன்ட்ரோலர் பண்றோம், பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புல நாலஞ்சு போர் இருக்கறவங்க எல்லாத்தையும் ஒரே எடத்துல இருந்து ஆன் ஆஃப் பண்ற மாதிரி ஒரு கேட்வே பாக்ஸ், உள்ள ஆர்ம் போர்டு, மேல லினக்ஸ் 6.6 எல்டிஎஸ் (ரொம்ப நாளைக்கு ஃபிக்ஸ் வர்ற வெர்ஷன்), அதுக்கு மேல எங்க டிரைவரு. த்ரீ ஃபேஸ் கரண்ட் வர்ற நேரம் பாத்து மோட்டார் ஓடணும், தண்ணி இல்லைன்னா நிக்கணும், அவ்ளோ தான் சோலி. ஆனா அந்த அவ்ளோ தானுக்குள்ள கெர்னல் டிரைவர் எழுதறதுன்னு வந்துட்டா பில்டு ஸ்கிரீன்ல வார்னிங் மழை தான், அதுல பாதிக்கு மேல "டிஃபைன்டு பட் நாட் யூஸ்டு".

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. சி மொழில ஒரு ஃபங்ஷன ஸ்டேட்டிக்னு போட்டா அந்த ஃபைலுக்கு வெளிய யாரும் அதக் கூப்பிட முடியாது, அதனால அந்த ஃபைல முழுசாப் படிச்சு முடிச்ச உடனே கம்பைலருக்கு தெரிஞ்சுடும், இதை ஒருத்தரும் கூப்பிடலைன்னு. அப்ப வர்றது தான் இந்த வார்னிங். ஸ்டேட்டிக் போடாத ஃபங்ஷனா இருந்தா வேற எந்த ஃபைல்ல இருந்தாவது யாராவது கூப்பிடலாம், கம்பைலர் ஒரு நேரத்துல ஒரு ஃபைலத் தான் பாக்குது, அதனால கம்முனு இருந்துரும். வால் போட்டாலே இது தானா வந்துரும், தனியா எதும் போட வேண்டியதில்லை.

சாதாரண அப்ளிகேஷன் கோடுல இந்த வார்னிங் வந்தா ஒன்னும் யோசிக்க வேண்டியதில்லைங்க, அழிச்சுட்டுப் போலாம். ஆபரேட்டிங் சிஸ்டம் கோடுல தான் கதையே வேற, ஏன்னா ஒரே சோர்ஸு ஆயிரத்தெட்டு கான்ஃபிக்ல (எந்த வசதி ஆன், எது ஆஃப்ங்கற செட்டிங்) பில்டு ஆகுது, உங்க கான்ஃபிக்ல யாரும் தொடாத ஃபங்ஷன் பக்கத்து கான்ஃபிக்ல உசிர் நாடியா இருக்கும். எங்க டீம்ல புதுசா சேந்த தம்பி மொத வாரமே கேட்டாப்ல, "ஏனுங்ணா, இதை யாருமே கூப்பிடலீங்ணா, தூக்கிடட்டுங்களா?"ன்னு. "இரு தம்பி, நீ எக்ஸ்86ல பில்டு பண்ணிட்டு சொல்ற, ஆர்ம் கான்ஃபிக்லயும் ஒருக்கா போட்டுப் பாத்துட்டு அப்பறம் தூக்கு"ன்னேன். பாத்தா ஆர்ம்ல டிவைஸ் ட்ரீ (போர்டுல என்னென்ன ஹார்டுவேர் இருக்குன்னு கெர்னலுக்கு சொல்ற பட்டியல்) ஆன்ல இருக்கு, அங்க அதே ஃபங்ஷன ப்ரோப் ஆகும்போது, அதாவது டிரைவர் டிவைஸோட சேரும்போது, கூப்பிடுது. தம்பி மேல தப்பில்லைங்க, கம்பைலர் சொன்னது அந்த பில்டுக்கு உண்மை தான், அந்த ஒரு பில்டுக்கு மட்டும் உண்மை.

சரி, பொருளுக்கு வருவோம்.

ஜிசிசி பத்தி மொதல்ல. அதோட மேனுவல்லயே தெளிவா எழுதியிருக்காங்க, இன்லைன் (கூப்பிடற எடத்துலயே கோடப் பதிச்சுடுன்னு கேக்கற குறி) இல்லாத ஸ்டேட்டிக் ஃபங்ஷன் யூஸ் ஆகலைன்னா தான் சொல்லுவேன்னு. அதாவது ஸ்டேட்டிக் இன்லைன்னு போட்டுட்டா போதும், அது காலி வீடா கெடந்தாலும் ஜிசிசி கண்டுக்காது. இது ஹெடர் ஃபைலுக்கு (பல சி ஃபைல் உள்ள இழுத்துக்கற பொது ஃபைல்) சரியான முடிவுங்க, ஹெடர்ல இருக்கற குட்டிக் குட்டி இன்லைன் ஃபங்ஷன் எல்லாத்தையும் இன்க்ளூட் பண்ற ஒவ்வொரு ஃபைலும் யூஸ் பண்ணுமா என்ன, அதுக்கெல்லாம் வார்னிங் அடிச்சா ஸ்கிரீனே தாங்காது. ஆனா சி ஃபைலுக்குள்ள எழுதின ஸ்டேட்டிக் இன்லைனையும் அதே கணக்குல விட்டுடுது பாருங்க, அங்க தான் எனக்கு ஜிசிசி மேல வருத்தம். ஏன்னா அந்த ஃபைல விட்டு வெளிய அதை யாரும் பாக்கவே மாட்டாங்க, இங்கயே யூஸ் ஆகலைன்னா எங்கயும் இல்லைன்னு தானே அர்த்தம்.

இதுல இன்னொரு திருட்டு வேலை இருக்குதுங்க. வார்னிங் வருதுன்னு தெரிஞ்சதும் ஃபங்ஷனுக்கு முன்னாடி இன்லைன்னு ஒரு வார்த்தை சேத்தி விட்டுடறது. ஜிசிசி உடனே அமைதி ஆயிரும், ரிவ்யூ பண்றவரும் ஏதோ ஸ்பீடுக்காகப் போட்டிருக்காப்லன்னு விட்டுருவாரு. கெர்னலோட கோடிங் ஸ்டைல் டாக்குமெண்ட்ல இன்லைன்னு சும்மா சும்மா போடறத ஒரு வியாதின்னே தலைப்பு குடுத்து வெச்சிருக்காங்க, மூணு வரிக்கு மேல போற ஃபங்ஷனுக்கு இன்லைன் வேண்டாம்னு ஒரு அளவும் சொல்லியிருக்காங்க, ஸ்டேட்டிக்கா ஒரே எடத்துல கூப்பிடறத கம்பைலரே தானா இன்லைன் பண்ணிக்கும்னும் சொல்லியிருக்காங்க. அப்பறமும் நாப்பது வரி ஃபங்ஷனுக்கு இன்லைன் போட்டிருந்தா எனக்கு சந்தேகம் தான் வரும்.

இப்ப கிளாங். இது சி ஃபைல்ல எழுதின ஸ்டேட்டிக் இன்லைனையும் புடிக்கும், ஹெடர்ல இருந்து வர்றத விட்டுரும். இது தான் எனக்குத் தெரிஞ்சு சரியான கோடு. ஆனா புதுசா கிளாங் இன்ஸ்டால் பண்ணிட்டு கெர்னல பில்டு பண்ணிப் பாத்துட்டு "ஒன்னும் பெருசா வரலயே, ஜிசிசி மாதிரி தானே இருக்கு"ன்னு சொல்றவங்க நெறைய, நானே கேட்டிருக்கேன். காரணம் என்னன்னா கெர்னல்ல அதை மூடி வெச்சிருக்காங்க. 2017ல டேவிட் ரியன்டீஸ்ங்கறவர் ஒரு பேட்ச் போட்டாரு, ஜிசிசி சொல்லாததை கிளாங் சொல்லுது, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு, கிளாங்ல பில்டு பண்ணும்போது இன்லைன்ங்கற வார்த்தையே மேக்ரோவா (கம்பைல் ஆகறதுக்கு முன்னாடியே வேற எழுத்தா விரியற பேரு) மாறி கூடவே அன்யூஸ்டுங்கற குறியையும் (ஆட்ரிப்யூட்) சேத்து ஒட்டிக்கும். அன்னைக்கு அது தேவை தான், கிளாங்ல கெர்னல் பில்டு பண்றவங்களுக்கு சத்தம் குறையணும் இல்லீங்களா. ஆனா அதுல சி ஃபைல்ல செத்துக் கெடந்த இன்லைனும் சேந்து மறைஞ்சு போச்சு.

அப்பறம் 2019ல கேபில்டு (கெர்னலோட பில்டு சிஸ்டம்) மெயின்டெய்னரா இருந்த மசாஹிரோ யமடா, டபிள்யூ=1 போட்டு பில்டு பண்ணா மட்டும் அந்த மூடியத் தெறக்கற மாதிரி மாத்தினாரு. சி ஃபைல்ல செத்துப்போன ஸ்டேட்டிக் இன்லைனைக் கண்டுபுடிக்க வேற டூலே இல்ல, யாராவது கண்ணுல படற வரைக்கும் அது அப்படியே கெடக்குதுங்கறது தான் அவர் சொன்ன காரணம். இந்த ஒரு மாத்தத்துக்காகத் தான் கிளாங்குக்கு நாலரை குடுத்தேன், டீஃபால்ட்டா வெச்சுப் பாத்தா அதுக்கும் மூணு தான்.

ஓட்டறது ஈஸி. எல்எல்விஎம்=1ன்னு மேக் கமாண்டுல போட்டா கிளாங், அதோட லிங்கர் எல்லாம் சேந்து வந்துரும், கெர்னல் 5.7ல இருந்து அந்த வசதி இருக்குது, கூடவே, எங்க 6.6 மாதிரி கெர்னல்ல, டபிள்யூ=1. ஆனா கெர்னல் முழுசுக்கும் டபிள்யூ=1 போட்டுடாதீங்க, யூஸ் ஆகாத ஃபங்ஷன் மட்டும் இல்லாம வேற என்னென்னமோ வார்னிங்கும் சேந்து கொட்டும், அடுத்தவங்க சப்சிஸ்டத்துல இருக்கறத நாம பாத்து என்ன பண்ணப் போறோம். உங்க டிரைவர் இருக்கற டைரக்டரிய மட்டும் குடுத்து பில்டு பண்ணுங்க. இன்னொன்னு, இது குறை தான், டபிள்யூ=1 போட்டு ஒருக்கா போடாம ஒருக்கான்னு மாத்தி மாத்தி ஓட்டினா கம்பைல் ஃப்ளாக் மாறுதுன்னு கேபில்டு எல்லாத்தையும் மொதல்ல இருந்து பில்டு பண்ண ஆரம்பிச்சுரும், நம்ம ஆபீஸ் மிஷின்ல அதுக்குள்ள காந்திபுரம் போயிட்டு வந்துரலாம். ஓ= போட்டு தனி அவுட்புட் டைரக்டரி வெச்சுக்கிட்டா இந்த வெசனம் இல்ல.

மெசேஜ் எப்படி வருதுங்கறதுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியல. ஜிசிசி "டிஃபைன்டு பட் நாட் யூஸ்டு"ங்கும், கிளாங் "அன்யூஸ்டு ஃபங்ஷன்"ங்கும். ரெண்டுலயும் ஒரே குறை, செத்தது ஒன்னுக்கொன்னு கோத்துக்கிட்டு இருந்தா மேல இருக்கறது மட்டும் தான் தெரியும். அதாவது ஒரு ஃபங்ஷன யாரும் கூப்பிடல, ஆனா அது உள்ள இன்னும் ரெண்டு ஃபங்ஷன கூப்பிடுது, அந்த ரெண்டையும் வேற யாரும் கூப்பிடல. கம்பைலர் மொதல்ல இருக்கறத மட்டும் காட்டும், அதத் தூக்கினா தான் அடுத்தது எட்டிப் பாக்கும், அதையும் தூக்கினா அதுக்கடுத்தது. அட்டாலியில ஏறி ஒரு ஓட்டை அண்டாவ எறக்கினா அதுக்குப் பின்னாடி பாட்டி காலத்து கொப்பரை, அதுக்குப் பின்னாடி இன்னும் என்னென்னமோ வர்ற மாதிரி தான். அதனால ஒருக்கா க்ளீன் பண்ணிட்டோம்னு கம்ப்யூட்டர மூடிட்டுப் போயிடாதீங்க, வார்னிங் தீர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப ஓட்டணும்.

சரி வார்னிங் வந்துருச்சு, என்ன பண்றது. கோடிங் ஸ்டைல் டாக்குமெண்ட்லயே இதுக்கு பதில் இருக்குதுங்க, ஏதோ ஒரு கான்ஃபிக்ல மட்டும் யூஸ் ஆகாம போற ஃபங்ஷனுக்கு மேபி அன்யூஸ்டுன்னு (யூஸ் ஆகாமப் போகலாம்னு அர்த்தம்) குறி போடு, இஃப்டெஃப் (கான்ஃபிக் ஆஃப்னா கோடையே வெட்டி விடற வரி) போட்டு சுத்தாத, எந்த கான்ஃபிக்லயும் யூஸ் ஆகலைன்னா அழிச்சுடு. நல்ல அறிவுரை தான். இஃப்டெஃப் ஏன் வேண்டாம்னா அந்த கோடு கம்பைலர் கண்ணுலயே படாது, ஆறு மாசம் கழிச்சு யாரோ அந்த கான்ஃபிக்க ஆன் பண்ணும்போது தான் உள்ள சின்டாக்ஸே தப்புன்னு தெரியும்.

ஆனா மேபி அன்யூஸ்டும் எனக்கு ரொம்பப் புடிச்ச மருந்து இல்லைங்க. அதை ஒருக்கா ஒட்டிட்டா அந்த ஃபங்ஷன் நெஜமாவே சாகற அன்னைக்கும் கம்பைலர் வாயத் தெறக்காது. அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ஒன்னு இருக்கு, அந்த ஃபங்ஷன் ஏன் இந்த கான்ஃபிக்ல அறுந்து போச்சுன்னு. பெரும்பாலும் காரணம் ஒரு மேக்ரோ. நல்ல உதாரணம் சஸ்பெண்ட் ரெஸ்யூம். பழைய டிரைவர எடுத்துப் பாத்தீங்கன்னா சஸ்பெண்டுக்கு ஒரு ஃபங்ஷன், ரெஸ்யூமுக்கு ஒன்னு, ரெண்டையும் பிஎம் (பவர் மேனேஜ்மெண்ட்) ஆப்ஸ் ஸ்ட்ரக்சர்ல ஒரு மேக்ரோ வழியா மாட்டியிருப்பாங்க. கான்ஃபிக்ல பிஎம் ஸ்லீப் ஆஃப்ல இருந்தா அந்த மேக்ரோ வெறும் காத்தா விரியும், ரெண்டு ஃபங்ஷனும் அனாதையா நிக்கும், வார்னிங் வரும். உடனே இஃப்டெஃப் போடுவாங்க, அதுலயும் பாதிப் பேரு பிஎம் ஸ்லீப்னு போடறதுக்கு பதிலா வெறும் பிஎம்னு போட்டுருவாங்க, அப்ப பிஎம் ஆன், ஸ்லீப் ஆஃப்னு ஒரு காம்பினேஷன்ல மட்டும் வார்னிங் திரும்ப வரும், அந்த காம்பினேஷன நம்ம டெஸ்க்ல யாரும் பில்டு பண்ணியிருக்க மாட்டோம், எங்கயோ ரேண்டம் கான்ஃபிக் ஓட்டிட்டு இருக்கற இன்டெலோட டெஸ்ட் ரோபோ தான் கண்டுபுடிச்சு மெயில் தாட்டி விடும்.

கெர்னல் 5.17ல இதுக்கு ஒரு அழகான வழி வந்துச்சு. டிஃபைன் சிம்பிள் டெவ் பிஎம் ஆப்ஸ்னு புது மேக்ரோ, கூட பிஎம் ஸ்லீப் பிடிஆர்னு இன்னொன்னு. இதுல விஷயம் என்னன்னா மேக்ரோ காத்தா மறையறதில்ல, கான்ஃபிக் ஆன்ல இருந்தா இந்த பாயிண்டர், இல்லைன்னா நல்னு (NULL, காலி பாயிண்டர்) ஒரு சாதாரண சி எக்ஸ்பிரஷனா விரியுது. அப்ப எந்த கான்ஃபிக்ல பில்டு பண்ணாலும் கம்பைலர் அந்த ஃபங்ஷனப் பாக்குது, டைப் செக் பண்ணுது, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்கன்னு கணக்குல வெச்சுக்குது, அதனால வார்னிங் இல்ல, கடைசில தேவையில்லைன்னு தெரிஞ்சதும் ஆப்டிமைசர் தூக்கிப் போட்டுடுது. இஃப்டெஃப்பும் வேண்டாம், மேபி அன்யூஸ்டும் வேண்டாம். எங்க டிரைவர பூராவும் இதுக்கு மாத்திட்டோம், இஃப்டெஃப் எல்லாம் போனதுக்கப்பறம் ஃபைலே படிக்கற மாதிரி ஆயிருச்சு. ஈஸ் எனேபிள்டுன்னு ஒரு மேக்ரோ இருக்குதே, அதுவும் இதே குணம் தான், இஃப்டெஃப்புக்கு பதிலா சாதா இஃப்க்குள்ள போடுங்க, கோடு கம்பைலர் கண்ணுல எப்பவும் இருக்கும்.

சொந்தமா ஹெடர் எழுதறவங்க இதைக் கவனிங்க, நெறைய பேருக்கு இது தெரியறதில்ல. ஒரு ஃபீச்சர் ஆஃப்ல இருக்கும்போது அதுக்கு பதிலா வெக்கற காலி ஸ்டப்ப மேக்ரோவா எழுதினா, அதுக்கு ஆர்கியுமெண்ட்டா குடுத்த கால்பேக் ஃபங்ஷன் (அப்பறமா இதைக் கூப்பிடுன்னு குடுத்து வெக்கறது) காணாம போயிரும், கால்பேக் எழுதினவன் தலையில வார்னிங் விழும். அதே ஸ்டப்ப ஸ்டேட்டிக் இன்லைன் ஃபங்ஷனா, ஆர்கியுமெண்ட் வாங்கிட்டு ஒன்னும் பண்ணாம திரும்பற மாதிரி எழுதினா, கால்பேக் யூஸ் ஆன கணக்குல வந்துரும், டைப் செக்கும் ஓசில நடக்கும். தப்பு ஹெடர்ல, வார்னிங் வர்றது வேறவன் ஃபைல்ல. ஹெடர்ல இன்லைன் போடாம வெறும் ஸ்டேட்டிக்னு ஃபங்ஷன் எழுதி வெக்கற புண்ணியவான்களும் இருக்காங்க, அந்த ஹெடர இன்க்ளூட் பண்ற ஒவ்வொரு ஃபைல்லயும் ஒரே வார்னிங் வரும், பாத்ததும் கண்டுபுடிச்சரலாம்.

இப்ப பூஜ்யம் குடுத்த கதை. போர்டு குடுத்த வெண்டர், பேர் வேண்டாம், ரிலே டிரைவரும் அவங்களே எழுதிக் குடுத்திருந்தாங்க. பில்டு பண்ணா ஒரு வார்னிங் கூட இல்ல, பளிச்சுனு ஓடுது. எனக்கு பளிச்சுனு ஓடற வெண்டர் கோடப் பாத்தா தான் பயம். மேக்ஃபைலத் தெறந்தா சிசிஃப்ளாக்ஸ் வரில யூஸ் ஆகாத ஃபங்ஷன், யூஸ் ஆகாத வேரியபிள் ரெண்டு வார்னிங்கையும் ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க. அந்த வரிய எடுத்துட்டு ஓட்டினேன். ஒரு லோடு வார்னிங், முக்காவாசி பழைய டீபக் பிரிண்ட் ஃபங்ஷன், வேற போர்டுக்கு எழுதினத காப்பி பண்ணிட்டு வந்தது, அதையெல்லாம் பாத்துட்டே வரும்போது நடுவுல ஒன்னு ஷட்டவுன்னு முடியற பேர்ல நிக்குது.

உள்ள போய்ப் பாத்தா ரிலே எல்லாத்தையும் ஆஃப் பண்ற கோடு, நல்லா எழுதியிருக்காங்க, கமெண்ட் கூட இருக்கு. ஆனா பிளாட்ஃபார்ம் டிரைவர் ஸ்ட்ரக்சர்ல ஷட்டவுன்ங்கற எடத்துல அதை மாட்டவே இல்ல. அப்ப சிஸ்டம் ரீபூட் ஆகும்போது கெர்னல் இந்த டிரைவர்கிட்ட ஒன்னும் சொல்லாது, ரிலே ஆன்ல இருந்தா ஆன்லயே நிக்கும், திரும்ப பூட் ஆகி டிரைவர் லோடு ஆகற வரைக்கும் மோட்டார் யார் கண்ட்ரோல்லயும் இல்லாம ஓடிட்டு இருக்கும். ஏதாவது காரணத்துக்கு பூட் பாதியில நின்னு போச்சுன்னு வெச்சுக்கோங்க, போர்ல தண்ணி கீழ போச்சுன்னு வெச்சுக்கோங்க, மோட்டார் காயில் போச்சு, தோட்டத்துக்காரர் நம்ம கம்பெனி வாசல்ல வந்து நிப்பாரு, நியாயம் தானே. பெஞ்சுல வெச்சு ரீபூட் அடிச்சுப் பாத்தோம், ரிலே எல்ஈடி அணையவே இல்ல. ஒரே வரி சேத்தினோம், சரியாப் போச்சு.

அந்த வார்னிங்க அழிச்சுட்டுப் போ, குப்பை இருக்குன்னு மட்டும் எடுத்துக்கிட்டிருந்தா நாங்க அந்த ஃபங்ஷனத் தூக்கிப் போட்டிருப்போம், வார்னிங்கும் போயிருக்கும், மோட்டாரும் போயிருக்கும். எழுதின ஃபங்ஷன யாரும் கூப்பிடலைன்னா ரெண்டு அர்த்தம் இருக்கு, வேண்டாததா இருக்கலாம், மாட்ட மறந்ததா இருக்கலாம். ரிமூவ், ஷட்டவுன், சஸ்பெண்ட், எரர் ஹேண்ட்லர்னு பேர் வெச்ச ஃபங்ஷன்ல இந்த வார்னிங் வந்தா நான் மொதல்ல ரெண்டாவது அர்த்தத்தத் தான் எடுத்துக்குவேன், ஏன்னா அதெல்லாம் டெஸ்ட்ல ஓடாத பாதை, மாட்டலைன்னாலும் டெமோ நல்லாத் தான் நடக்கும். பழைய கோடா இருந்தா கிட் லாக்ல எஸ் ஆப்ஷன் போட்டு அந்த ஃபங்ஷன் பேரத் தேடுங்க, கடைசியா கூப்பிட்ட வரிய எந்த கமிட்ல எடுத்தாங்கன்னு காட்டிடும், தெரிஞ்சு எடுத்தாங்களா மெர்ஜ்ல பறிபோச்சான்னு அங்கயே தெரியும்.

கம்பைலர் நெஜமாவே தப்பா சொல்ற எடமும் இருக்குதுங்க, அதுவும் ஆபரேட்டிங் சிஸ்டம் கோடுல தான் ஜாஸ்தி. இன்டரப்ட் என்ட்ரி மாதிரி எடத்துல அதே சி ஃபைலுக்குள்ள எழுதின அசெம்பிளில இருந்து மட்டும் கூப்பிடற சி ஃபங்ஷன் இருக்கும், அசெம்பிளிக்குள்ள என்ன பேர் இருக்குன்னு கம்பைலருக்கு தெரியாது, ஸ்டேட்டிக்கா இருந்தா யூஸ் ஆகலைன்னு சொல்றதோட நிக்காம ஃபங்ஷனையே தூக்கிப் போட்டுரும். இங்க மேபி அன்யூஸ்டு போட்டீங்கன்னா வார்னிங் தான் போகும், ஃபங்ஷனும் போயிரும், கடைசில லிங்கர் வந்து அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்னு கத்தும். இங்க போட வேண்டியது யூஸ்டுங்கற ஆட்ரிப்யூட், அது தான் "யாரும் கூப்பிடற மாதிரி தெரியலைன்னாலும் வெச்சுக்கோ"ன்னு சொல்றது. ரெண்டுக்கும் பேரு கிட்டத்தட்ட ஒன்னா இருக்கறதுனால மாத்திப் போடறவங்க நெறைய. இனிட்கால் (பூட் ஆகும்போது கெர்னல் வரிசையா கூப்பிடற ஃபங்ஷன்) மாதிரி செக்ஷன்ல பாயிண்டர் வெச்சு ஓடற எடத்துல எல்லாம் கெர்னல் மேக்ரோவே உள்ளுக்குள்ள இந்த யூஸ்டைப் போட்டுக்கும், நாம போட வேண்டியதில்ல.

ஸ்டேட்டிக் போடாத ஃபங்ஷனுக்கு வார்னிங்கே வராதுன்னு மேல சொன்னேன் இல்லீங்களா, அதுக்கும் சுத்தி வளைச்சு ஒரு வழி இருக்கு. மிஸ்ஸிங் ப்ரோட்டோடைப்ஸ்னு இன்னொரு வார்னிங், ஹெடர்ல எங்கயும் அறிவிக்காம சும்மா குளோபலா விட்ட ஃபங்ஷனப் புடிக்கும். அதுக்கு ஸ்டேட்டிக் போட்டு விட்டீங்கன்னா, நெஜமாவே செத்ததா இருந்தா அடுத்த பில்டுல யூஸ் ஆகலைன்னு வந்து நிக்கும். 6.8ல இருந்து கெர்னல் முழுசுக்கும் இது டீஃபால்ட்டா ஆன். எங்க 6.6ல டபிள்யூ=1 போட்டா தான் வரும், அது எப்படியும் போடறோம்.

வார்னிங்க எரரா மாத்தற பஞ்சாயத்து தனி. கெர்னல் 5.15ல லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் வெரர்னு (WERROR) கான்ஃபிக் ஆப்ஷனே கொண்டாந்தாரு, ஆன்ல இருந்தா ஒரு வார்னிங் வந்தாலும் பில்டு நின்னுரும். எங்க 6.6 மாதிரி கெர்னல்ல இதையும் கிளாங்கையும் டபிள்யூ=1ஐயும் சேத்து ஓட்டறவங்களுக்கு ஒரே ஒரு செத்த இன்லைன் இருந்தாலும் பில்டு முடியாது, அதனாலயே அந்த மாதிரி ஃபங்ஷனத் தூக்கற பேட்ச் மெயின்லைனுக்கு (லினஸ் பாத்துக்கற மூல கெர்னல்) நெறைய போயிருக்கு. எல்லா மெயின்டெய்னருக்கும் இது புடிக்கறதில்ல, அதுலயும் ஒரு நியாயம் இருக்கு. ஒரு ரிஜிஸ்டருக்கு படிக்க ஒன்னு, எழுத ஒன்னு, பிட் செட் பண்ண ஒன்னுன்னு வரிசையா குட்டி ஃபங்ஷன் எழுதும்போது எழுதறது மட்டும் இன்னைக்கு யூஸ் ஆகலைன்னா அதைத் தூக்கிட்டு நாளைக்கு திரும்ப எழுதறது என்ன கூத்து. அந்த மாதிரி செட்டுக்கு நான் மேபி அன்யூஸ்டு போடுவேன், மனசுக்கு ஒன்னும் உறுத்தாது. டெவலப் பண்றவங்க டெஸ்க்ல எங்க ஆபீஸ்ல வெரர் ஆஃப், சர்வர்ல ராத்திரி ஓடற பில்டுல ஆன். பாதி எழுதிட்டு ஒருக்கா கம்பைல் பண்ணிப் பாக்கலாம்னா கூட விடாம நிறுத்தினா எவனுக்கும் எரிச்சல் தான் வரும். எம்ஐடியோட எக்ஸ்வி6 (பாடம் நடத்தறதுக்குன்னே எழுதின குட்டி ஓஎஸ்) வெச்சு காலேஜ்ல ஓஎஸ் படிச்ச பசங்களக் கேளுங்க, அதோட மேக்ஃபைல்ல வாலும் வெரரும் சேந்தே இருக்கும், ஹெல்பர் ஃபங்ஷன ஸ்டேட்டிக்னு எழுதிட்டு கூப்பிடறதுக்கு முன்னாடி மேக் அடிச்சா அங்கயே ஸ்டாப்பு.

மத்த கடைகளையும் எட்டிப் பாத்தேன். ஃப்ரீபிஎஸ்டிங்கற இன்னொரு ஓஎஸ்ல அன்யூஸ்டுன்னு நேரடியாவே மேக்ரோ, வேலை அதே தான். சி23ல (சி மொழியோட புது ஸ்டாண்டர்டு) மேபி அன்யூஸ்டு மொழியிலயே சேந்துருச்சு. ரஸ்ட் மொழில டெட் கோடுன்னு ஒரு வார்னிங் (லின்ட்), அது ஃபைல் ஃபைலா பாக்காம க்ரேட் (பல ஃபைல் சேந்த ஒரு முழு பேக்கேஜ்) முழுசையும் பாத்து சொல்லுது, இந்த விஷயத்துல சி கம்பைலர் ரெண்டும் கிட்டக்கூட நிக்க முடியாது, 6.1ல இருந்து கெர்னல்ல ரஸ்ட் இருக்குதுன்னாலும் எங்க டிரைவர நாளைக்கே யாரும் அதுல திருப்பி எழுதப் போறதில்ல.

யாருக்கு எது செட் ஆகும்னு கேட்டா, கஸ்டமருக்குப் போற இமேஜ் ஜிசிசில பில்டு ஆனாலும் பரவால்லைங்க, நம்முளுதும் அப்படித் தான், வெண்டர் டூல்செயின் ஜிசிசி மட்டும் தான் குடுக்கறாங்க. ஆனா பக்கத்துல ஒரு கிளாங் பில்டு, டபிள்யூ=1 போட்டு, உங்க டைரக்டரிக்கு மட்டும், கான்ஃபிக் ரெண்டு மூணு மாத்தி, பிஎம் ஆஃப்ல ஒன்னு, டிவைஸ் ட்ரீ ஆஃப்ல ஒன்னுன்னு ராத்திரி ஓட விடுங்க. கரண்ட் செலவு தான், வேற காசு இல்ல.

ஒரே ஒரு வசதி கேக்கணும்னா நான் கேக்கறது இது. வார்னிங் அடிக்கும்போதே "இந்த ஃபங்ஷன் இன்ன இஃப்டெஃப்புக்குள்ள ஒரு எடத்துல கூப்பிடப்படுது, அந்த கான்ஃபிக் இப்ப ஆஃப்"னு சேத்து சொல்லிட்டா போதும். இஃப்டெஃப், மேக்ரோவெல்லாம் விரிக்கற ப்ரீப்ராசசர் தாண்டி வந்ததுக்கப்பறம் தான் கம்பைலர் பாக்குது, அதனால அது கஷ்டம்னு தெரியும், தெரிஞ்சே தான் கேக்கறேன். அதுவரைக்கும் க்ரெப் (ஃபைலுக்குள்ள வார்த்தை தேடற கமாண்டு) அடிச்சு நாமளே தான் தேடோணும், அரை ஸ்டார் அதுக்குத் தான் புடிச்சு வெச்சிருக்கேன்.